ஆற்று மணலில் விரித்த கல்யாணப் பாய்

சித்தப்பா வாங்கிய கார் எங்கள் வீட்டுக்கு முதல்முதலாக வந்தபோது அதை இரண்டு மாடுகள் இழுத்து வந்தன. சித்தப்பா உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தானே ஓட்டி வருகிற மாதிரி தெருவில் இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்தார். சேரன்மகாதேவியில் எங்கள் தெருவுக்குள் சொந்தக் கார் என்று ஒன்று நுழைந்தது அதுதான் முதல் தடவை. பிள்ளைகள் நாங்கள் மாட்டுக்கு முன்னால் ஓடினோம்.

அது ஒரு பழைய அம்பாசிடர். ரிட்டயரான கம்பவுண்டர் ஒருவர் வீட்டுப் புளியமரத்தடியில் ஏழெட்டு வருஷமாகக் கிடந்தது. பின்சீட்டில் கோழி அடை உட்கார்ந்திருந்ததாம். கோழியையும் முட்டைகளையும் இறக்கிக் கொடுத்த பிறகுதான் கம்பவுண்டர் வீட்டு அம்மாள் சாவியைத் தந்தாளாம்.

அப்பா வாசலில் நின்று பார்த்தார். "ஏலே, கார் வாங்குனியா, கோழிக்கூடு வாங்குனியா?" என்றார்.

"ஓடும்ணே. பைய ஓடும்" என்றார் சித்தப்பா.

சித்தப்பாவுக்கு அப்போது முப்பது தாண்டியிருக்கும். அரிசி மில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். தங்கச்சிக்கு முடிந்த பிறகுதான் தனக்கு என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருந்தார். அந்தத் தங்கச்சிதான் என் அத்தை. அத்தைக்கு இருபத்தொன்பது. எத்தனையோ பேர் வந்து பெண் பார்த்து, சொஜ்ஜி சாப்பிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லிப் போயிருந்தார்கள். ஒருவழியாகக் கல்லிடைக்குறிச்சியில் ஓர் இடம் அமைந்து, வைகாசியில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லாரும் சத்தமாகத் தும்மக்கூட யோசித்தார்கள். எங்கே சகுனம் கெட்டுவிடுமோ என்று பயம்.

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பாவுக்கு இந்தக் கார்ப் பைத்தியம் பிடித்தது. டவுனில் வசதியான வாலிபர்கள் சிலர் சேர்ந்து ஒரு பந்தயம் ஏற்பாடு செய்திருந்தார்கள். தார் ரோட்டில் இல்லை. திருநெல்வேலியில் புறப்பட்டு, வண்டித்தடம், வற்றிய குளம், ஆற்று மணல் எல்லாம் தாண்டிப் பாபநாசம் மலையடிவாரம் போய்ச் சேர வேண்டும். புதுக் கார் கூடாது. காயலான் கடைக்குப் போகிற நிலையில் உள்ள மலிவான வண்டியாக இருக்க வேண்டும். அதுதான் சட்டம். பணக்காரர்கள் விளையாட்டுக்காகப் போட்ட சட்டம், சித்தப்பாவுக்குத் தனக்காகவே போட்டது மாதிரி இருந்தது.

சித்தப்பாவோடு படித்த ஒருவர் மெயின்ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். நாங்கள் அவரை மெக்கானிக் மாமா என்போம். அவரும் சித்தப்பாவும் மாசி, பங்குனி இரண்டு மாதமும் சாயங்காலமானால் எங்கள் தொழுவத்தில்தான் கிடந்தார்கள். மாட்டை வெளியே கட்டிவிட்டுக் காரை உள்ளே விட்டிருந்தார்கள்.

நானும் தம்பியும் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேரே அங்கேதான். பின்சீட்டைப் பிடுங்கி வெளியே போட்டார்கள். பாரம் குறையுமாம். அப்பா அதை வேப்பமரத்தடியில் போட்டு, உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்தார். இந்தக் காரால் கிடைத்த ஒரே லாபம் என்று சொல்லிக்கொள்வார். லாரியில் கழித்துப் போட்ட ஸ்பிரிங் பட்டைகளை வாங்கி வந்து பின்னால் கூடுதலாகச் சேர்த்தார்கள். வண்டி பின்பக்கம் தூக்கிக்கொண்டு, நெல் கொத்துகிற கோழி மாதிரி நின்றது. எண்ணெய் டிரம்மை வெட்டித் தட்டி நிமிர்த்தி, கல் அடிக்காமல் இருக்க என்ஜினுக்கு அடியில் தகடாகக் கட்டினார்கள். சைலன்சர் குழாயை ஜன்னல் ஓரமாக மேலே வளைத்து விட்டார்கள். தண்ணீரில் இறங்கினாலும் மூச்சு முட்டாதாம். பெட்ரோல் டாங்கியில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை. அதற்குத் துணி துவைக்கிற பார் சோப்பைக் குழைத்து அப்பினார்கள். ரேடியேட்டர் ஒழுகியது. அதற்கு மெக்கானிக் மாமா மஞ்சள்தூள் கேட்டார்.

அம்மா நம்பவில்லை. "கறிக்கா, காருக்கா?" என்றாள்.

"காருக்குத்தான்க்கா. தண்ணியில போட்டா ஓட்டையில போய் அடைச்சிக்கிடும்."

அம்மா ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். "கல்யாண வீட்டுல மொதல் மஞ்சள் இதுக்கா போவணும்" என்று முணுமுணுத்தாள். ஆனால் ஒழுக்கு நின்றதைப் பார்க்க அவளும் தொழுவத்துக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

பந்தயம் சித்திரைக் கடைசியில். அதற்கு ஒரு வாரம் முன்னால் ஆற்று மணலில் ஓட்டிப் பார்த்தார்கள். ஓடிய வண்டி பாதி மணலில் புதைந்து நின்றது. மணல் லாரிக்காரர்கள் சாக்கைப் போட்டு ஏற்றுவார்கள் என்று சாக்குப் போட்டார்கள். சாக்கு சுருண்டுபோய்ச் சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. மெக்கானிக் மாமாதான் சொன்னார், கோரைப்பாய் என்றால் சுருளாது, சக்கரத்துக்குப் பிடிமானமும் இருக்கும் என்று. பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாய்.

சித்தப்பா என்னிடமும் தம்பியிடமும் சொன்னார். "பழைய பாயா ஆளுக்கு ஒண்ணு கொண்டாங்க. கொண்டாந்தவங்களுக்குப் பந்தயம் முடிஞ்சு வரும்போது முன்சீட்டு. தெரு முழுக்கச் சுத்திக் காட்டுதேன்."

ஆளுக்கு ஒன்று என்றார். முன்சீட்டு ஒன்றுதான் இருந்தது. அதைத் தம்பியும் நானும் அப்போதே கணக்குப் போட்டுவிட்டோம். தம்பி அன்றைக்கே பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கெஞ்சி ஓரம் பிய்ந்த பாய் ஒன்றை வாங்கிக் காரில் போட்டுவிட்டான். நான் அம்மாவிடம் கேட்டேன்.

"கல்யாணத்துக்கு வாற சனம் எதுல படுக்கும்? உன் தலையிலயா? ஒரு பாயும் கெடையாது, போடி" என்று சொல்லிவிட்டாள்.

மூன்று நாள் கேட்டேன். மூன்று நாளும் அதே பதில்தான். தம்பி என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஸ்டியரிங் பிடிப்பது மாதிரிக் கையை வைத்துக்கொண்டு "பாம், பாம்" என்று போவான்.

பந்தயத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பெரியவர்கள் எல்லாரும் பூஜைக்காகத் தொழுவத்தில் இருந்தார்கள். இரண்டு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்த அப்பாதான் குளித்து வந்து, பானெட்டில் திருநீறு பூசிச் சந்தனம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். நான் நடுவீட்டில் தனியாக இருந்தேன். பீரோவின் மேல் பழைய வேட்டியில் சுற்றி அது இருந்தது.

அத்தைக்காகப் பத்தமடையில் சொல்லி நெய்து வாங்கிய கல்யாணப் பாய். பட்டு மாதிரி இருக்கும். துணியை மடிப்பது போல மடிக்கலாம். ஓரத்தில் சிவப்பும் பச்சையும் ஓடும். ஒரு தலைப்பில் அத்தையின் பெயர், மறு தலைப்பில் மாப்பிள்ளையின் பெயர். வந்த அன்று அம்மா அதை விரித்துக் காட்டி, "காலு படக் கூடாது, பாத்துக்கோங்க" என்று சொல்லி உடனே சுருட்டிவிட்டாள். அத்தை மட்டும் குனிந்து மாப்பிள்ளையின் பெயரை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். அதை நான் பார்த்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன். வாசலில் ஒரு குடுகுடுப்பைக்காரன் வந்து நின்றிருந்தால்கூடத் திரும்ப வைத்திருப்பேன். ஒருவரும் வரவில்லை. பாய்தானே, மணல் ஒட்டினால் உதறிவிடலாம், ஒரே நாளில் பழைய இடத்தில் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். கார் சிக்கினால்தானே பாய் வேண்டும், சாமி கும்பிட்டுப் போகிற வண்டி எதற்காகச் சிக்கப்போகிறது என்றும் நினைத்தேன். வேட்டியோடு சேர்த்து ஒரு பழைய போர்வையில் சுற்றிக் கயிறு கட்டினேன். எல்லாரும் சுண்டல் வாங்கிக்கொண்டிருந்தபோது பின்பக்கம் தம்பியின் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நானும் போய்ச் சுண்டலுக்குக் கை நீட்டினேன். பீரோவின் மேல் அம்மா பார்த்தால் வெறுமையாகத் தெரியக்கூடாது என்று இரண்டு தலையணையை வைத்திருந்தேன். அந்தப் புத்தியெல்லாம் எனக்கு இருந்தது.

மறுநாள் காலை ஆற்றங்கரையில் திருவிழாக் கூட்டம். அப்பா, நான், தம்பி போயிருந்தோம். அப்பா செய்த ஒரு காரியம் எங்களுக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. தன் தம்பி கார் ஓட்டுவதைப் பார்க்க வாருங்கள் என்று கல்லிடைக்குறிச்சிச் சம்மந்தியை அவரே அழைத்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா வெள்ளை வேட்டி, சந்தனப்பொட்டோடு குடை பிடித்து நின்றார். பக்கத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமா. அப்பா அவர்களுக்கு இளநீர் வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் வந்த இரண்டு கார்கள் மணலில் புதைந்து நின்றுவிட்டன. மூன்றாவதாக எங்கள் கார் வந்தது. தூக்கிய பின்பக்கமும் வளைந்த குழாயும் பார்த்துக் கூட்டம் சிரித்தது. "ஏலே, கழுதைக்குத் தும்பிக்கை வச்ச மாதிரி வருதுலே" என்று யாரோ சொன்னார்கள். அப்பாகூடச் சிரித்தார். கார் தண்ணீரைத் தாண்டியது. மணலில் ஏறியது. பாதியில் உறுமிக்கொண்டே உட்கார்ந்துவிட்டது.

மெக்கானிக் மாமா குதித்து இறங்கிப் பின்பக்கம் போனார். தம்பியின் பாயை இடது சக்கரத்துக்கு முன்னால் விரித்தார். பிறகு கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்து, போர்வையையும் வேட்டியையும் வீசிவிட்டு, உள்ளே இருந்ததை வலது சக்கரத்துக்குப் போட்டார். அவர் அந்தப் பாயை முன்பு பார்த்ததில்லை. பார்க்க அவருக்கு நேரமும் இல்லை. சித்தப்பா ஸ்டியரிங்கில் குனிந்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் அவ்வளவு தூரத்திலிருந்தும் சிவப்பும் பச்சையும் தெரிந்தது. கத்தியிருக்கலாம். வாயைத் திறந்தேன், முன்சீட்டு ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன்.

சக்கரம் சுற்றியது. கார் ஒரு துள்ளுத் துள்ளி வெளியே வந்தது. கூட்டம் கைதட்டியது. பின்னால் பாய் இரண்டு துண்டாகப் பறந்து விழுந்தது. கார் கரையேறிவிட்டது. இனிமேல் மலையடிவாரம் வரை தடம் சுலபம். சித்தப்பா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி எங்களைப் பார்த்து ஆட்டினார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பையன்கள் ஓடிப் பாய்த் துண்டுகளை எடுத்தார்கள். ஒருவன் கத்தினான். "ஏ, இதுல பேரு நெய்திருக்குலே." எழுத்துக்கூட்டி மாப்பிள்ளையின் பெயரை இனிஷியலோடு சத்தமாக வாசித்தான்.

இளநீர் குடித்துக்கொண்டிருந்த சம்மந்தி அதைக் கீழே வைத்தார். போய் அந்தத் துண்டை வாங்கினார். டயர்த்தடம் பெயரின் மேலேயே போயிருந்தது. மணலைத் தட்டிவிட்டு மறுபடியும் வாசித்தார்.

"தம்பி, இது நம்ம வீட்டுப் பாய்தானா?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கரையைப் பார்த்து "ஏலே" என்று கத்தினார். அந்தச் சத்தத்தில் என்ன கேட்டதோ, சித்தப்பா காரை நிறுத்திவிட்டு, பந்தயத்தை விட்டுவிட்டு, மணலில் ஓடி வந்தார். மெக்கானிக் மாமாவும் பின்னால் வந்தார். பாயைப் பார்த்ததும் சித்தப்பா நின்றுவிட்டார்.

"யாருலே இதை எடுத்தது?" என்றார் அப்பா.

சித்தப்பா பாயைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் கண் என்மேல் நின்றது. அவர் வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"சித்தப்பாதான் பாய் எடுத்துட்டு வரச் சொன்னாவ."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. 'பழைய' என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டிருந்தேன்.

மெக்கானிக் மாமா, "ஏய், அவன் சொன்னது…" என்று ஆரம்பித்தார். சித்தப்பா அவர் கையைப் பிடித்து அழுத்தினார். அவர் நிறுத்திவிட்டார். அப்பா கையை ஓங்கி, கூட்டத்தைப் பார்த்து இறக்கிக்கொண்டார்.

சம்மந்தி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எம் மவன் பேரு சக்கரத்துக்கு அடியில கெடந்திருக்கு. நான் வீட்டுல போயி என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க" என்றார். பாய்த் துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். குடையை மறந்துவிட்டுப் போனார்.

வீட்டுக்குத் திரும்பும்போது நான் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தேன். சித்தப்பா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கண்ணுல மணல் விழுந்துட்டா?" நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

நான்கு நாள் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அத்தை அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. சித்தப்பா சாப்பிட உட்கார்ந்தால் அவள் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவாள். அம்மா அம்மன் சன்னதியில் நெய்விளக்குப் போட்டாள். நானும் கூடப் போய்க் கண்ணை இறுக்க மூடி வேண்டிக்கொண்டேன். கல்யாணம் நிற்கக் கூடாது என்று வேண்டினேன். யாருக்கும் தெரியக் கூடாது என்றும் சேர்த்து வேண்டினேன். அம்மன் என் இரண்டு வேண்டுதலையும் கேட்டுவிட்டாள். இன்றைக்கு நினைத்தால் இரண்டாவதைக் கேட்டிருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறது.

ஐந்தாம் நாள் அப்பாவும் சொந்தக்காரர் ஒருவரும் போய்ப் பேசி வந்தார்கள். கல்யாணம் நடக்கும். பேர் போட்ட பாய் இனி நெய்ய நாள் இல்லை, வெறும் பாய் போதும். ஒரே ஒரு காரியம். பெண்ணுக்குப் பொரி போடுகிற கை கார் ஓட்டிய அந்தத் தம்பியின் கையாக இருக்கக் கூடாது என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டாளாம்.

தாத்தா இல்லாததால் அப்பாவும் அம்மாவும்தான் தாரை வார்க்க வேண்டும். அக்கினிக்கு முன்னால் அத்தையின் கையில் பொரி அள்ளி வைக்கிற அண்ணன் முறை சித்தப்பாவுடையது. அப்பா அதைச் சொன்னபோது சித்தப்பா, "அதுக்கென்னண்ணே, யாரு போட்டா என்ன? நடந்தாச் சரி" என்றார். அடுத்த நாளே காரை மெக்கானிக் மாமா ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். பிறகு அதை நாங்கள் பார்க்கவில்லை.

கல்யாணத்தில் தூரத்துப் பெரியப்பாவின் பையன் பொரி போட்டான். பதினைந்து வயது. பாதியைக் கீழே சிந்திவிட்டுச் சிரித்தான். அத்தை தலை நிமிரவில்லை. நான் புதுப் பட்டுப்பாவாடையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா பந்தியில் அப்பளக் கூடையோடு ஓடிக்கொண்டிருந்தார். என் இலைக்கு வந்தபோது, "இன்னொரு அப்பளம் வைக்கட்டா?" என்று கேட்டார். வைத்தார். தின்றேன். சித்தப்பா நன்றாகத்தானே இருக்கிறார், பொரி போடுவது என்ன பெரிய வேலை, மிஞ்சிப்போனால் ஒரு நிமிஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் கல்யாணமானபோது தம்பி என் கையில் பொரி வைத்தான். என் இரண்டு கைக்குள் அவன் கை வந்து போனது. அவ்வளவுதான், ஒரு நிமிஷம்கூட இல்லை. நிமிர்ந்து பார்த்தால் தூணோரம் சித்தப்பா நின்று தம்பியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்குப் பொங்கல் சித்தப்பா அத்தை வீட்டுக்குச் சீர் கொண்டுபோவார். கரும்பு, வாழைத்தார், மஞ்சள்குலை, ஒரு வருஷமும் தவறியதில்லை. அத்தை "வாங்க" என்பாள், காப்பி கொடுப்பாள், அதற்கு மேல் பேச்சு நீளாது. ஒருமுறை என்னிடம் சொன்னாள். "உங்க சித்தப்பாவுக்கு அன்னைக்கு என்னைவிட அந்தக் காருதான் பெருசாப் போச்சு." எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ம்" என்று மட்டும் சொன்னேன்.

ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போய் முங்கி எழுகிறேன். சுவாமி முன்னால் நின்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன். சுவாமியிடம் சொல்வதற்குத் தைரியம் வேண்டியதில்லை. சித்தப்பா வீடு இரண்டு தெரு தள்ளித்தான்.

அன்று மணலில் அவர் நினைத்திருந்தால் ஒரு வார்த்தையில் தப்பியிருக்கலாம். "பழைய பாய்தான் கேட்டேன்" என்றால் போதும். சம்மந்திக்கு முன்னால், ஊருக்கு முன்னால், எல்லாக் கண்ணும் என்மேல் திரும்பியிருக்கும். அவர் தலையைக் குனிந்துகொண்டு மணலைப் பார்த்தபடி நின்றார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பாவுக்குச் சொல்லப் பதில் இல்லை, நான் தப்பித்துவிட்டேன் என்றுதான் பத்து வயதில் எனக்குத் தெரிந்தது.